கொல்லையைக் காக்கும் வேலி கொலைக் கருவி ஆகலாமா?

இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கும் நேரம். திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே, அல்லது விழுப்புரத்திற்கும் கண்டாச்சிபுரத்திற்கும் இடையே, ஏதேனும் ஒரு சிற்றூரின் எல்லையில் அந்நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மல்லாட்டை முற்றும் பருவமாயின் கொல்லைகளின் நடுவே ஆங்காங்கே கைவிளக்குகள் மின்னும். யாரோ ஒருவர் தகரத்தைத் தட்டுவார். தொலைவில் ஒரு வெடி வெடிக்கும். பகலெல்லாம் உழைத்த உழவர் இரவிலும் உறங்காமல் பரணில் அமர்ந்திருப்பார். அவர் அஞ்சுவது திருடருக்கன்று, காட்டுப்பன்றிக் கூட்டத்திற்கு!

அந்த விலங்கின் பெயரைச் சொல்லவும் கூசுகின்ற இல்லங்கள் நம்மிடையே உண்டு. அதன் இறைச்சி நமக்கு விலக்கப்பட்டது என்பதோடு அதைப் பற்றிய பேச்சை முடித்துக்கொள்வதே நமது வழக்கம். ஆயினும் நிலம் உள்ள நம் குடும்பங்களுக்கும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்போருக்கும், மண்டியில் மல்லாட்டை வாங்கி விற்போருக்கும் இது விலகிச் செல்லக்கூடிய பேச்சன்று. ஏனெனில் இது இன்று பயிரைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. மனித உயிரைப் பற்றிய சிக்கலாகவும் வளர்ந்து நிற்கின்றது. பன்றிக்கென்று இரகசியமாக இழுத்துக் கட்டப்படும் மின்கம்பியில், பொழுது விடியுமுன் வயலுக்குப் போன மனிதர் சிக்கி மாண்டார் என்ற செய்தியை நாளேடுகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

மல்லாட்டைச் சீமை

விழுப்புரம் மாவட்டம் பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இது மணிலாக்கொட்டைக்குப் பெயர்பெற்ற சீமை. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று இந்திய நாடெங்கும் உழவர்கள் அறிந்த நிலக்கடலை இரகங்களின் பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிக்கின்றன. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் நாட்டுக்கு அளித்த கொடை அது. டி.எம்.வி. 2 வெளியிடப்பட்ட ஆண்டு 1940.

இத்தகைய மண்ணில்தான் காட்டுப்பன்றி விருந்தாளியாக நுழைந்திருக்கிறது. அதன் கண்பார்வை மந்தம். மோப்பமோ மிகக் கூர்மை. மண்ணுக்குள் மறைந்திருக்கும் பருப்பை அது வாசனையாலேயே கண்டுகொள்ளும். மூக்கால் நிலத்தை உழுதாற்போல் கிளறிச் செல்லும். ஒரு கூட்டம் ஒரே இரவில் தின்பது கொஞ்சம், பாழாக்குவது அதிகம். விதைத்த உடனே வந்தால் விதை போயிற்று. காய் பிடித்தபின் வந்தால் குடும்பத்தின் ஓராண்டு நம்பிக்கையே போயிற்று. கரும்பு, நெல், மரவள்ளி எதுவும் அதற்கு விலக்கன்று.

எங்கிருந்து வந்தன?

“காட்டிலிருந்து வருகின்றன” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் காப்புக் காட்டிற்கு வெகுதொலைவில் உள்ள ஊர்களிலும் பன்றிகள் திரிகின்றனவே, அது எப்படி? விடை நமது ஏரிகளில் இருக்கின்றது. தூர்ந்துபோன ஏரிகளிலும் ஓடைக்கரைகளிலும் வேலிக்காத்தான் எனப்படும் சீமைக் கருவேலம் புதர்போல் மண்டிவிட்டது. மனிதர் நுழைய முடியாத அந்த முட்புதர் பன்றிக்குப் பாதுகாப்பான வீடு. அருகிலேயே ஆள் உயரத்திற்கு வளர்ந்து நிற்கும் கரும்புத் தோட்டம் பகலில் படுத்துறங்க மற்றொரு வீடு. காட்டிற்குத் திரும்பிப் போக வேண்டிய தேவையே அவற்றுக்கு இல்லை.

இவற்றின் பெருக்கமும் விரைவானது. ஏறத்தாழ 115 நாள்களில் ஈனும் பெண்பன்றி, ஒரே ஈற்றில் நான்கு, ஐந்து, சிலவேளை அதற்கு மேலும் குட்டிகள் போடும். அவற்றை அடக்கிவைக்கும் புலியோ செந்நாய்க் கூட்டமோ இச்சமவெளியில் இல்லை. இயற்கையின் தராசில் ஒரு தட்டு காலியாகிவிட்டால் மறு தட்டு தாழ்ந்துபோவது வியப்பன்று.

இவற்றோடு நாமும் ஒரு காரணம் என்பதை மனந்திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். திருமண விருந்தில் மீந்த சோறு, அழுகிய காய்கறி, குர்பானி நாள்களின் குடல், கழிவு ஆகியவற்றை மூட்டையாகக் கட்டி ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ வீசிவிட்டு வருகின்ற பழக்கம் பல ஊர்களில் உள்ளது. “மான்களாவது தின்னட்டுமே” என்று நல்லெண்ணத்தோடு கொட்டுவோரும் உண்டு. அந்த உணவை முதலில் தேடி வருவது மானன்று. எதையும் தின்னும் பன்றியும் தெருநாயுமே முன்னால் வருகின்றன. பன்றி மனித வாடைக்குப் பழகி ஊரை நோக்கி வருகின்றது. பெருத்துப்போன நாய்க்கூட்டம் தண்ணீர் தேடி வரும் புள்ளிமானைக் கடித்துக் குதறுகின்றது. உணவோடு சேர்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் பையை விழுங்கி மான்கள் மடிந்ததைச் சென்னை கிண்டிப் பகுதியிலேயே பலமுறை கண்டிருக்கிறோம். புல்லும் தழையும் மேயும் மானுக்கு நமது விருந்துச் சோறு தேவையில்லை. கோடையில் தண்ணீர் கிடைத்தால் போதும்.

கம்பிக்குக் கண் இல்லை

பயிரை இழந்தவரின் வேதனையை வீட்டில் அமர்ந்து நாம் எடைபோட இயலாது. கடன் வாங்கி விதைத்தவர் அவர். ஆனால் அந்த வேதனை அவரை எங்கே கொண்டு செல்கிறது என்பதுதான் அச்சமூட்டுகிறது. பம்புசெட் கொட்டகையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, வயலைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கட்டி, இரவில் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடுகிறார். 230 வோல்ட் மாறுமின்சாரம் அது. தொட்டவரின் தசை இறுகிப்போகும். கையை எடுக்கவே முடியாது. ஈரமண்ணில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு ஒருசில நொடிகளே மிச்சம்.

அந்தக் கம்பிக்குக் கண் உண்டா? வருவது பன்றியா, மானா, பக்கத்து வீட்டுப் பசுவா, தண்ணீர் பாய்ச்ச வந்த பங்காளியா என்று அது பார்ப்பதில்லை. 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரு வயலின் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் ஒன்றாக மடிந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றித் திரிந்த காட்சி தமிழகத்தையே உலுக்கியது. காட்டுப்பன்றிக்காகப் போடப்பட்ட வேலிதான் அது!

பழத்திற்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயும் இத்தகையதே. கடித்த விலங்கின் வாய் சிதறிவிடும். பல நாள் பசியாலும் புண்ணாலும் துடித்துத்தான் அது சாகும். மேய்ச்சலுக்குப் போன மாடு கடித்தாலும் அதே கதி. சுருக்குக் கம்பியும் அவ்வாறே. போரேட் குருணை மருந்தைத் துணியில் கட்டி வயலைச் சுற்றித் தொங்கவிடுகின்ற பழக்கமும் சில இடங்களில் உள்ளது. கடும் நஞ்சான அம்மருந்தை 2020 டிசம்பர் 31 முதல் இந்திய அரசு தடைசெய்துவிட்டது. பழைய இருப்பு வீட்டில் கிடந்தாலும் தொடாதீர்கள். குழந்தைகள் உலவும் இடம் அது.

மார்க்கம் காட்டும் நீதி

பயிரும் விலங்கும் மோதிக்கொண்ட வழக்கு ஒன்று திருமறையிலேயே இடம்பெற்றிருப்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79ஆம் வசனங்களில் நபி தாவூத் (அலை), நபி சுலைமான் (அலை) ஆகிய இருவரின் தீர்ப்பு பேசப்படுகிறது. இரவில் ஒருவரின் ஆடுகள் மற்றொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. விரிவுரையாளர்கள் கூறும் விவரப்படி, ஆடுகளையே நிலத்துக்காரருக்கு ஈடாகக் கொடுத்துவிடத் தந்தையார் தீர்ப்பளித்தார்கள். மைந்தரோ மற்றொரு வழி கண்டார்கள். நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டுக்காரர் அதைப் பண்படுத்த வேண்டும். அதுவரை ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும். பின்னர் அவரவர் பொருள் அவரவரிடம். இழந்தவருக்கு ஈடும் கிடைத்தது. எவருடைய வாழ்வும் அழியவில்லை.

பெருமானார் (ஸல்) அவர்களிடமும் இத்தகைய வழக்கு ஒன்று வந்தது. ஒரு தோழரின் ஒட்டகம் தோட்டமொன்றில் புகுந்து சேதம் விளைவித்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை, இரவில் கால்நடையைக் கட்டிக் காப்பது அதன் உடைமையாளரின் கடமை என்று அண்ணலார் வரையறுத்தார்கள். காட்டுப்பன்றிக்கு உடைமையாளர் எவருமில்லை. காட்டு விலங்குகளைக் காக்கும் பொறுப்பைச் சட்டத்தின் வழியே அரசு ஏற்றிருக்கிறது. ஆகவே ஈடு கேட்பதற்கு உழவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது இரத்தலன்று. அதே வேளையில் நமது நிலத்தைக் காக்கும் முறையில் பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் தலைமீதுள்ள கடமை.

பொதுவழியில் குழி தோண்டியவர், அதில் விழுந்து மாண்டவருக்குப் பொறுப்பாளி என்று நமது ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. “நான் அவரைத் தள்ளவில்லையே” என்னும் வாதம் அங்கே எடுபடாது. ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் இருளில் மின்கம்பியைக் கட்டியவரின் நிலை அதனினும் இலேசானதா? தவறுதலாக ஓர் உயிரைப் போக்கினாலும் குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகையும் பரிகாரமும் கடமை என்று திருமறை விதித்திருப்பதை மறந்துவிடலாகாது. நுணுக்கமான தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். ஆயினும் மனசாட்சியின் தீர்ப்பு அதற்கு முன்பே தெளிவாக இருக்கின்றது.

“பன்றிதானே, எப்படிச் செத்தால் என்ன?” என்று கேட்போரும் உண்டு. உண்ணக்கூடாது என்பது வேறு. வதைக்கலாம் என்பது வேறு. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்பும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவளுக்குத் தண்டனையும் கிடைத்ததை நமக்குச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், கொல்ல நேர்ந்தாலும் துன்புறுத்தாமல் கொல்லவே கற்பித்தார்கள். வாய் சிதறி நாள்கணக்கில் துடிக்கவைக்கும் வெடிக்கு இதில் இடமேது?

சட்டம் சொல்வது என்ன?

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2022இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. அனுமதியின்றிக் கொல்வது குற்றம். திருட்டு மின்வேலிக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி மின்திருட்டு வழக்கு வரும். மூன்றாண்டு வரை சிறை உண்டு. மனிதர் இறந்தால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவே வழக்குப் பதியப்படலாம். பயிரைக் காக்கப் போனவர் சிறைக்குப் போக, பயிரும் குடும்பமும் ஒருங்கே அநாதையாகும்.

உழவரின் குரலை அரசு கேட்காமலும் இல்லை. 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் க. பொன்முடி சட்டமன்றத்தில் ஒரு முடிவை அறிவித்தார். அதன்படி காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் பன்றிகளைச் சுடலாகாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேதம் விளைவிப்பவற்றை வனத்துறையினரே சுடலாம். சுடும் அதிகாரம் உழவருக்கன்று, துறைக்கே என்பதைக் கவனியுங்கள். அண்டை மாநிலமான கேரளத்தில் 2022இல் இதற்கான அனுமதி அளிக்கும் பொறுப்பு உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

பயிர்க் காப்பீட்டிலும் ஒரு மாற்றம் வந்துள்ளது. வனவிலங்குகளால் ஏற்படும் இழப்பைப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2026 காரிப் பருவத்திலிருந்து சேர்ப்பதென்று ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்திற்குள் படத்துடன் தெரிவிக்க வேண்டும். ஆகவே கொல்லை பாழாகிக் கிடந்தால் முதலில் புலம்பாதீர்கள். உடனே கைப்பேசியில் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

செய்யத்தக்கவை

உயிரைப் பறிக்காமல் பயிரைக் காக்க வழிகள் உள்ளன. உழவர்களின் அனுபவத்திலும் வேளாண் ஆய்விலும் தேறியவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, முறைப்படியான சூரிய மின்வேலி. இதில் மின்சாரம் தொடர்ந்து பாய்வதில்லை. மின்கலத்திலிருந்து நொடிக்கு ஒருமுறை அளவில், கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்த பொழுதே ஓர் அதிர்வு போகும். தொட்ட விலங்கு சுரீரென உணர்ந்து பின்வாங்கும், இரு அதிர்வுகளுக்கு இடையே விலகிக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கும், சாவதில்லை. தமிழ்நாட்டில் 2023இல் வந்த விதிகளின்படி இத்தகைய வேலியைப் பதிவு செய்ய வேண்டும். கருவி இந்தியத் தர நிர்ணயத்திற்கு உட்பட்டிருக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியத் திட்டங்களை நடத்தியிருக்கின்றது. இவ்வாண்டு உங்கள் வட்டாரத்திற்கு ஒதுக்கீடு உண்டா என்று விழுப்புரம், திண்டிவனம் அலுவலகங்களில் கேட்டறியலாம். கீழ்க்கம்பி தரைக்கு அண்மையில் இருப்பதும், புல் வளர்ந்து கம்பியைத் தொடாமல் செதுக்கிவைப்பதும் முக்கியம்.

இரண்டாவது, அகழி. வயலின் விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள பள்ளம் வெட்டினால் பன்றி எளிதில் கடப்பதில்லை. பாதையை ஒட்டி வெட்டாதீர்கள். குழியின் சட்டத்தை மேலே கண்டோம்.

மூன்றாவது, வேலிப்பயிர். மல்லாட்டையைச் சுற்றி நான்கு வரிசை முள்ளுள்ள குசும்பாவையோ, மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கையோ நெருக்கமாக விதைக்கலாம். ஆமணக்கின் வாடை பயிரின் வாடையை மறைக்கும். குசும்பாவின் முள் உடலை உறுத்தும். விற்றால் காசும் ஆகும்.

நான்காவது, வாடையும் காட்சியும். முடிதிருத்தும் கடையில் கிடைக்கும் தலைமுடியை வரப்பில் தூவினால், மோந்து வரும் பன்றியின் மூக்கில் ஏறி அதற்குத் தொல்லை கொடுக்கும். கந்தகத்தைக் கொழுப்புடன் குழைத்துக் கயிற்றில் பூசிக் கட்டும் முறை ஒன்றும் உண்டு. பன்றிக் கொழுப்பையே அதற்குப் பரிந்துரைப்பார்கள். நம்மவர் அதைத் தீண்ட வேண்டியதில்லை; மேலே கண்ட மற்ற வழிகளே போதுமானவை. பழைய வண்ணச் சேலைகளை வயலைச் சுற்றி இடுப்பளவில் கட்டுவதும் பலர் செய்து பார்த்த எளிய வழி. இல்லத்தரசியர் பெட்டியில் முடங்கிக் கிடக்கும் சேலைகளுக்கு இதைவிட நல்ல பயன் ஏது!

இவை அனைத்திலும் ஒரு குறிப்பை நினைவில் வையுங்கள். பன்றி அறிவுள்ள விலங்கு. ஒரே தந்திரத்திற்குச் சில நாள்களில் பழகிவிடும். எனவே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஏறத்தாழ 105 நாள் பயிரான மல்லாட்டைக்கு விதைத்த முதற் பத்து நாளும், காய் பிடித்து முற்றும் கடைசி மாதமும்தான் ஆபத்துக் காலம். காவலையும் செலவையும் அந்நாள்களில் குவித்தால் ஆண்டு முழுதும் உறக்கம் கெட வேண்டியதில்லை.

தனியே அல்ல, ஊராக

நீங்கள் ஒருவர் மட்டும் வலுவான வேலி போட்டால் என்ன நிகழும்? பன்றி பக்கத்து வயலுக்குப் போகும். நமது பாதுகாப்பு அண்டை வீட்டாரின் அழிவாகிவிடும். அண்டை வீட்டாரின் உரிமையை நமது மார்க்கம் எத்துணை வலியுறுத்துகின்றது என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆகவே இது ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை. ஏரியிலுள்ள வேலிக்காத்தானை வேரோடு அகற்றுவதும், முறைவைத்துக் காவல் காப்பதும், ஒரே மனுவில் அனைவரும் கையொப்பமிட்டுக் கொடுப்பதும் சாதி, சமயம் பாராமல் ஒன்றுபட்டால் மட்டுமே கூடும்.

நமது ஜமாஅத்துகளுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிட அறிவிப்புப் போதும். மின்வேலி போடாதீர்கள் என்பது ஒன்று. குர்பானிக் கழிவையும் விருந்து மிச்சத்தையும் ஏரியில் வீசாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள் என்பது மற்றொன்று. வலீமா விருந்தை அளவோடு சமைத்து, மீந்ததை அன்றிரவே இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டால் கொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. கோடையில் மான்களுக்கு உதவ விரும்பும் இளைஞர்கள் வனத்துறையைக் கேட்டு, காட்டுக்குள் உள்ள தொட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பத் துணைசெய்யலாம். மானும் அருந்தும்; பன்றியும் அருந்தும். காட்டுக்குள் தாகம் தீர்ந்த விலங்குக்கு ஊருக்குள் வரும் தேவை ஒன்று குறையும்.

ஒருவர் விதைத்த பயிரிலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தருமமாக எழுதப்படும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். இழப்பைத் தடுக்க முயலக்கூடாது என்பது இதன் பொருளன்று. நம்மால் இயன்றதையெல்லாம் செய்தபின்னும் போனது போகட்டும், அது வீணாகவில்லை என்ற ஆறுதல்தான் அது. ஆனால் அடுத்தவரின் உயிரைப் பறித்துக் காத்த பயிருக்கு எந்த ஆறுதலும் இல்லை.

இன்றிரவு பரணுக்குப் புறப்படும் கணவரிடமோ தந்தையிடமோ மகனிடமோ, “கம்பியில் மின்சாரம் விடவில்லையே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள் சகோதரிகளே! விடிந்ததும் சுப்ஹுத் தொழுகைக்கு அவரும் நலமாகத் திரும்ப வேண்டும். அந்த வரப்பு வழியே நடந்துபோகும் முகமறியாத மனிதரும் நலமாகத் தம் வீடு சேர வேண்டும். எல்லாம் வல்ல அல்லாஹ் நமது விளைச்சலில் பரக்கத்தையும், நமது கரங்களால் எவ்வுயிர்க்கும் அநீதி நேராத பாதுகாப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.